மூன்றாவது சென்டிமீட்டர்

குளிரறையில் நான்கு டிகிரி.
குழாய்க்குள் நிற்கிறது கடலடிச் சேறு,
கரும்பச்சை, உறையாத தயிரின் பதம்.
கீழிருந்து கவெசேரி தள்ளுகிறார்.
ஒரு சென்டிமீட்டர் எழும்பியதும்
தகட்டால் சீவுகிறேன்.
ஒன்று. பையில் போட்டு எண் எழுது.
இரண்டு.
மூன்றாவதில் அவை இருக்கும்.

மைக்ராஸ்கோப் வேண்டாம், கண்ணுக்கே தெரியும்:
சேற்றின் இருட்டில் வெள்ளைப் புள்ளிகள்,
நாலைந்தாகக் கோத்துக்கொண்டு.
ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஓர் உயிரணு.
உயிர் என்று சொல்ல ஓரத்தில் மெல்லிய தோல்,
மிச்சமெல்லாம் வெறும் பை.
பை நிறைய நைட்ரேட்.
புயல் கடலைக் கலக்கிய ஏதோ ஒரு நாளில்
மொண்டு அடைத்துக்கொண்டது.
அடுத்த கலக்கல் வரை
மாதக்கணக்கில் இதை வைத்தே மூச்சு.
சம்பளம் வந்த மாலையே
மக்காச்சோள மாவு மூட்டையை இறக்கிவிடும்
எங்கள் குய்செப்மண்ட் வீடுகளுக்கு
இந்தக் கணக்கு புதிதில்லை.

மேலே வெயிலில் கொழுத்த பாசி
செத்துச் செத்து இறங்குகிறது.
இரவும் பகலும் ஓயாத மழை அது, ஈரமில்லாத மழை.
காற்றே எட்டாத அடியில் அதைத் தின்பவை
கடல்நீரின் சல்பேட்டை இழுத்து
நஞ்சாய் விடுகின்றன.
அந்த நஞ்சுதான் என் புள்ளிகளுக்குச் சோறு.
தின்றதில் மிஞ்சிய கந்தகத்தை
மணிமணியாய் உடம்பிலேயே வைத்துக்கொள்கின்றன.
வெள்ளை வந்தது அப்படித்தான்.

ஆய்வேட்டில் இதையெல்லாம்
ஒரு வட்டமாக வரைந்திருக்கிறேன்.
நான்கு அம்புகள், நான்கு நிறம்.
அம்புக்கு நாற்றம் கிடையாது.

மூன்றாம் நாள் காலை
மேல்தளத்தில் ஒற்றைக் கோட்டு சிக்னலில்
ஷிவூட்டே பேசினார்:
"கடல் பாலாகிவிட்டது.
பச்சை கலந்த பால்.
ஊரெல்லாம் அழுகிய முட்டை.
படகு இறங்கவில்லை."
பின்னணியில் வாளிகள் மோதும் சத்தம்.
மூச்சுத் திணறிய கோப் மீன்கள்
கரையோர ஆழமில்லா நீரில் வாய் பிளந்து நிற்க,
பள்ளிக்குப் போகாத பிள்ளைகள்
கையாலேயே பிடிக்கிறார்களாம்.
"ஒரு வருஷ மீனை ஒரே காலையில்," என்றார்.
சிரித்தாரா, தெரியவில்லை.
"உன் மணிகள் தூங்கிவிட்டனவா?"

அன்று எண்ணியது நாற்பத்தொன்றாம் பை.
நூற்றுப்பன்னிரண்டு புள்ளிகள்.
அதில் எழுபதுக்குமேல்
பை வற்றிச் சுருங்கியவை,
காற்றுப்போன பலூன் மாதிரி.
தூங்கவில்லை ஷிவூட்டே,
இருந்ததையெல்லாம் செலவழித்திருக்கின்றன.
இதைச் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.

என் கணக்கு சரியா என்பதும் தெரியாது.
ஒரு குழாய், ஓர் இடம்.
பத்து மைல் தெற்கே வேறு கதை இருக்கலாம்.
கவெசேரி எப்போதும் சொல்வது:
சேறு பொய் சொல்லாது,
ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

கையுறையைக் கழற்றினேன்.
வெள்ளி மோதிரம் கறுத்திருந்தது.
திமிங்கிலம் செத்தபோதோ, பாசி செத்தபோதோ
எவ்வளவு காலம் முன்போ
சேற்றுக்குள் இறங்கிய கந்தகம்
சுற்றிச் சுற்றி வந்து
கல்யாணத்தில் ஷிவூட்டே போட்ட வளையத்தில்
உட்கார்ந்திருக்கிறது.
பற்பசை போட்டுத் தேய்த்தால் போகும் என்கிறார் கவெசேரி.
போகும்தான்.
குழாய்க்கழுவும் நீரோடு
மறுபடி கடலுக்குப் போகும்.

என் வட்டத்தில் ஐந்தாவது அம்பு இல்லை.
இருந்திருந்தால்
அது என் மோதிர விரலைத் தொட்டுவிட்டு
கரையில் வாளியோடு நிற்கும் பிள்ளைகள் பக்கம்
திரும்பியிருக்கும்.

"தள்ளட்டுமா?" என்கிறார்.
தள்ளுங்கள்.

நான்கு.